ட்ரீமா அக்காவின் மூக்கில் அடித்த மருந்து

பெல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 14, ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓப்பல் எழுதுகிறேன். நான் நலம். க்ளீட் மாமாவும் நலம். நம் நாய் கிரேவி மட்டும் நேற்று தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் யாரோ கொட்டிய பன்றிக் கொழுப்பைத் தின்றுவிட்டு, இன்னும் சோபாவுக்கு அடியிலேயே படுத்திருக்கிறது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது.

இன்று உன் மறுவாழ்வு இல்லத்துப் போனில் நமக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நான் கிரேவியின் வயிற்றைப் பற்றியே பேசியதை நீ கவனித்திருப்பாய். சொல்ல வேண்டியது வேறு. வாயில் வரவில்லை. எழுதினால் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வாக்கில் உனக்கு ஒரு பழுப்பு உறை வரும். 'பக்கத்து இருக்கை' திட்டத்திலிருந்து பெட்ரி டீச்சர் அனுப்புவது. உள்ளே இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று நேற்று நடந்ததைப் பற்றிய அறிக்கை. இன்னொன்று நான் இரண்டாவது வருடமும் திட்டத்தில் தொடர்வதற்கான சம்மதப் படிவம். போன வருடம் நான் மாமாவின் பொறுப்பில் இருந்ததால் அவர் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது. ஜூனிலிருந்து நான் மறுபடி உன் பொறுப்பில் இருக்கலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டதால், இந்த முறை நீயும் போட வேண்டும். மே பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த உறை முதலில் வந்துவிட்டால் தயவுசெய்து அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் கடிதம் வரும்வரை பொறுத்திரு.

ட்ரீமா அக்காவை உனக்கு நினைவிருக்கும். திட்டத்தில் சனிக்கிழமைதோறும் எனக்குத் துணையாக வரப் போட்ட பெண். டிசம்பரில் ஒருமுறை அவளைப் பற்றிச் சொன்னபோது, "உனக்கு அம்மான்னு ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கட்டும்" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நான் அவள் பெயரை எடுக்கவில்லை. சனிக்கிழமை என்ன செய்தாய் என்று நீ கேட்டபோதெல்லாம் நூலகத்துக்குப் போனேன் என்றேன். அது பொய் இல்லை. யார் வண்டியில் போனேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதுவும் ஒரு வகைப் பொய்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கு இருபத்தாறு வயது. சாலைத் துறையில் வேலை. பாதை வெட்டும் இடங்களில் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக' என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் புத்தகம் படிக்க மாட்டாள். நான் படித்த கதையைச் சொன்னால், "முடிவை மொதல்ல சொல்லிரு, எனக்குப் பொறுமை இல்ல" என்பாள். திட்டத்தில் ஒரு விதி உண்டு. காப்பாற்ற முடியாத வாக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. எங்களைப் போன்ற பிள்ளைகள் அப்படிப்பட்ட வாக்குகளை நிறையக் கேட்டிருப்போமாம். (இது பெட்ரி டீச்சர் சொன்னது அம்மா, நான் சொன்னதல்ல.) அதனால் ட்ரீமா அக்கா ஒருபோதும் 'கண்டிப்பா வர்றேன்' என்று சொன்னதில்லை. "வண்டி ஓடினா வர்றேன்" என்பாள். அந்த வண்டியைப் பார்த்தால் அது எவ்வளவு நேர்மையான வாக்கு என்று உனக்குப் புரியும். ஒரு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் வராமல் இருந்ததில்லை.

இனி நேற்று நடந்தது.

நேற்று ஊரின் வருடாந்திரக் காட்டுப் பூண்டு விருந்து. இந்த வருடம் மழை அதிகம் என்பதால் பூண்டு இலை என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. வழக்கம்போலத் தீயணைப்பு நிலையத்தில் காலை ஏழு மணிக்கே தொட்டிகளை வைத்து எல்லோரும் மண் கழுவ உட்கார்ந்துவிட்டார்கள். ட்ரீமா அக்காவும் நானும் கழுவுகிறோம் என்று பெயர் கொடுத்திருந்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை லாரல் திருப்பத்தில் மண்சரிந்து, பதினாறு மணி நேரம் அவள் பலகையோடு நின்றிருக்கிறாள். நேராக அங்கிருந்தே வந்தாள். மஞ்சள் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. கையில் பெட்ரோல் பங்கில் விற்கும் அந்தப் பெரிய நீல ஐஸ் பானம். "இதுல இருக்கற சர்க்கரைதான் என்னைத் தூக்கி நிறுத்துது ஓப்பல், இல்லேன்னா தொட்டிக்குள்ளயே விழுந்துருவேன்" என்றாள். பதினொரு மணிக்கு, "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிட்டு வர்றேன்" என்று சொல்லி வண்டிக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு தட்டில் சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். உதடு நீலமாக இருந்தது.

நீல ஐஸ் பானத்தின் சாயம் என் நினைவுக்கு வரவே இல்லை அம்மா. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தேன். இருந்தும் வரவில்லை.

திட்டத்தில் சேர்ந்த முதல் மாதமே, மூச்சு நின்று உதடு நீலமாகிறவர்களுக்கு என்ன செய்வது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வரிசைப்படியே எல்லாம் செய்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அசையவில்லை. (காதில் மஞ்சள் பஞ்சு அடைத்திருந்தாள். இயந்திரச் சத்தத்துக்காகச் சாலை வேலைக்காரர்கள் வைப்பது. மேடையில் பாட்டுக்காரர்கள் தொடங்கிவிட்டதால் தூங்குவதற்காக வைத்துக்கொண்டிருக்கிறாள். முடி மறைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.) நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்தேன். அந்தத் தடித்த அங்கிக்கு மேல் தேய்த்ததால் ஏதோ முனகினாள், அவ்வளவுதான். என் புத்தகப் பையின் முன் அறையில் எப்போதும் அந்த மருந்து இருக்கும். மாத்திரையோ பொடியோ அளவு மீறிப் போய் மூச்சு நிற்கிறவர்களைத் திருப்பிக் கொண்டுவருவது. உறையைக் கிழித்து, தலையைச் சாய்த்து, மூக்கில் வைத்து, அழுத்தினேன்.

ட்ரீமா அக்கா தும்மினாள். அப்படி ஒரு தும்மலை நான் கேட்டதே இல்லை. "யாரு! எவ அவ!" என்று அலறிக்கொண்டு எழுந்ததில் அவள் முழங்கை ஹாரனில் பட்டு, அது அப்படியே மாட்டிக்கொண்டுவிட்டது. அது அந்த வண்டியின் பழைய வியாதி. ஹாரன் சத்தம் கேட்டு, சமையல் துணி கட்டிய தீயணைப்புக்காரர்கள் பதினேழு பேர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார்கள். பதினேழு பேர் மேலும் பூண்டு நாற்றம். ஹார்லன் என்கிற தலைவர் அவளுடைய கண்ணைப் பிரித்துப் பார்த்து, "மூச்சு விடு, மூச்சு விடு" என்றார். "நீங்க எல்லாரும் தள்ளி நின்னா விடுவேன்யா, நாத்தம் தாங்கல" என்றாள் அவள்.

இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சோள ரொட்டி தரையில் கிடந்தது. கிரேவி அதையும் தின்றது.

மருந்து அடிக்கப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்பது ஹார்லனின் விதி. துணையாக இருப்பவர்மேல் சந்தேகம் வந்தால் சிறுநீர் சோதனை எடுத்து, முடிவு வரும்வரை அவரை விலக்கி வைக்க வேண்டும் என்பது பெட்ரி டீச்சரின் விதி. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க ட்ரீமா அக்கா ஆம்புலன்சில் ஏறினாள், என்னால். ஏறும்போது என்னைப் பார்த்து, "அழாத. என் சளியெல்லாம் போச்சு, நல்லதுதான்" என்றாள். கதவு மூடும்முன் இன்னொன்றும் சொன்னாள். "நீ சரியாத்தான் பண்ணின. நான் தூங்கிட்டிருந்தேன்கறது மட்டும்தான் தப்பு."

அறிக்கையில் இது எதுவும் இருக்காது. 'தவறான கணிப்பில் மருந்து பயன்படுத்தப்பட்டது' என்றுதான் இருக்கும். அதனால்தான் நான் எழுதினேன். அவள்மேல் எந்தத் தவறும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்.

மாமா பக்கத்தில் சோபாவில் சாய்ந்து குறட்டை விடுகிறார். நான் ஒருமுறை உலுக்கினேன். "ஏண்டி, ஞாயித்துக்கிழமை ஒரு மனுஷன் நிம்மதியா குறட்டை விடக்கூடாதா? எனக்கும் மூக்குல அடிக்கப் போறியா?" என்று கத்திவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்,
ஓப்பல்


பெல் ஃபோர்க்
ஏப்ரல் 28, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கிரேவி சோபாவை விட்டு வெளியே வந்துவிட்டது. பள்ளியில் பூண்டு சாப்பிட்டவர்களைப் பேருந்தில் ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் மொத்தம் இரண்டே பேர்தான் இருந்தார்கள். நூலகத்தில் நான் 'எச்' அலமாரியை முடித்துவிட்டேன். இந்த வேகத்தில் போனால் கல்லூரிக்குப் போவதற்குள் 'டபிள்யூ' வரை வந்துவிடலாம்.

ட்ரீமா அக்காவின் சோதனையில் ஒன்றும் இல்லை என்று இருபதாம் தேதியே முடிவு வந்துவிட்டது. காப்பியும் சர்க்கரையும் தவிர அந்த உடம்பில் எதுவும் இல்லையாம். அவளோடு வேலை செய்கிறவர்கள் சும்மா விடவில்லை. அவள் பலகையின் 'மெதுவாக' பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள்: 'தூங்குகிறேன், மூக்கில் அடிக்காதீர்கள்.' அரை நாள் முழுக்க வண்டிக்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லையாம். அவமானமாக இல்லையா என்று கேட்டேன். "என் தம்பி டென்வர் போனப்ப ஊரே என்னைப் பாத்துச்சு, யாரும் சிரிக்கல. இது எவ்வளவோ மேல்" என்றாள். டென்வர் அவளுடைய ஒரே தம்பி. மாத்திரையால் இறந்துபோனவன். அவள் அவனைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். பேசிவிட்டு உடனே வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு போனில் நீ சொன்னதை நான் ஏழு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஓப்பல். ஜூன்ல நான்தான் வந்துருவேனே. அப்புறமும் எதுக்கு இன்னொருத்தி? என்னை இன்னும் நம்பலேன்னுதானே ஊரு பேசும்? நீயும் நம்பலையா?" என்றாய். அதற்குள் மணி அடித்துவிட்டது. பதில் சொல்ல நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும் கிரேவியைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

பதில் இதுதான். நம்புகிறேன். பதினொரு மாதம் நீ அந்த மறுவாழ்வு இல்லத்தில் இருந்து, ஒரு நாள்கூட மாத்திரையைத் தொடாமல் இருந்திருக்கிறாய். என் அறைச் சுவரில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறேன். மாமா அதைப் பார்த்து, "நான் சிகரெட்ட விட்டப்ப எனக்கு ஒரு பொட்டுகூட வைக்கல" என்று குறைபட்டுக்கொள்கிறார். ஆனால் நம்பிக்கை வேறு, இது வேறு. வேறு எப்படி என்று விளக்க, நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ இல்லத்துக்குப் போவதற்கு முந்தைய அந்த நவம்பர் மாதம் உனக்கு மூச்சு நின்ற அன்று, நான் பள்ளியில் இருந்தேன் என்று மாமா உன்னிடம் சொன்னார். நீ வருத்தப்படக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் சொன்னார். நான் பள்ளியில் இல்லை. அரை நாள் விடுமுறை. நான்தான் குளியலறைக் கதவைத் திறந்தேன். மருந்து சமையலறை இழுப்பறையில் இருந்தது, எடுத்துவிட்டேன். உறையைப் பிரிக்க முடியவில்லை. ஓரத்தில் அம்புக்குறி இருக்கிறது, அதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அன்று தெரியவில்லை. பல்லால் கடித்தேன். பக்கத்து வீட்டு ராஸ்கோ என் கத்தலைக் கேட்டு ஓடி வந்து, என் கையிலிருந்து வாங்கி, ஒரே இழுப்பில் பிரித்து, உனக்கு அடித்தார். நீ கண்ணைத் திறந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ ராஸ்கோவைத்தான் பார்த்தாய்.

இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை அம்மா. ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன். ட்ரீமா அக்காவுக்கு அடித்த அன்று அந்த உறை என் கையில் ஒரே இழுப்பில் பிரிந்தது. ஊரே அதைத் தவறு என்கிறது. தவறுதான். ஆனால் மறுநாள் மாலை உனக்குக் கடிதம் எழுதி முடித்த பிறகு, எனக்கு நெஞ்சில் ஏதோ கொஞ்சம் லேசாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அந்த நவம்பரிலிருந்து நான் தூங்குகிறவர்களை எழுப்புகிறேன். அது உனக்குத் தெரியாது. மாமாவை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்புவது குறும்புக்காக என்று அவர் நினைக்கிறார். வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பையன்களையும் எழுப்புவேன். அதற்காக எனக்குப் பள்ளியில் 'கோழி' என்று பெயர். கிரேவியைக்கூட எழுப்புகிறேன். அதற்கு ஏன் என்று கேட்கத் தெரியாததால் பொறுத்துக்கொள்கிறது.

நேற்று சனிக்கிழமை. நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு வந்தோம். வெயில் நன்றாக இருந்தது. ட்ரீமா அக்கா இருக்கையைச் சாய்த்தாள். "ஓப்பல், எனக்குத் தூக்கம் வருது. நிஜமாவே வருது, நடிக்கல. இருபது நிமிஷம் தூங்கப் போறேன். நீ பக்கத்துல உக்காந்து படி. பாக்கணும்னா பாத்துக்கோ, எழுப்பணும்னா எழுப்பு. ஆனா அந்த மருந்துச் சனியனை மட்டும் பையிலேருந்து வெளிய எடுத்தா, நடந்து வீட்டுக்குப் போ" என்றாள். காதில் பஞ்சு வைக்கவில்லை. இரண்டு காதையும் எனக்குக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினாள்.

முதல் ஐந்து நிமிடம் நான் அவள் அங்கி மேலும் கீழும் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். புத்தகம் மடியில் திறந்திருந்தது, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஒருமுறை கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். பிறகு ஒரு வரி படித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பத்தி படித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுந்து கொட்டாவி விட்டபோது நான் நான்கு பக்கம் படித்திருந்தேன். என்ன கதை என்று கேட்டால் சொல்வேன், அந்த அளவுக்குப் படித்தேன். அவளை ஒருமுறைகூட எழுப்பவில்லை.

"எத்தனை பக்கம்?" என்று கேட்டாள். நாலு என்றேன். "அவ்வளவுதானா? மெதுவாத்தான் படிக்கிற" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மூன்றாவது முயற்சியில்தான் கிளம்பியது.

இன்னொருத்தி எதற்கு என்று நீ கேட்டாய். அவள் எனக்கு அம்மா இல்லை. அம்மாவாக இருக்க அவளுக்கு வரவும் வராது, சமைத்தால் முட்டை கருகிவிடும். அவள் தூங்கினால் எனக்குப் பயம் கொஞ்சம்தான். அதனால் எழுப்பாமல் இருக்க அவளிடம் பழகிப் பார்க்க முடிகிறது. உன்னிடம் முதலிலேயே பழகிப் பார்க்க முடியாது.

பெட்ரி டீச்சரிடம் படிவத்தின் இன்னொரு பிரதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், அதில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் பெயருக்கு நேரே உள்ள கோட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்று நினைத்தால் அழித்துவிடலாம், தடம் தெரியாது. நான் கேட்க மாட்டேன்.

ஜூனில் நீ வந்ததும் உன் முதுகுக்கு அந்தப் பச்சை சோபாதான் நல்லது என்று மாமா அதை இப்போதே ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டார். பகலில் அங்கே நல்ல வெயில் விழுகிறது. மதியம் சாப்பிட்டதும் நீ அங்கே படுத்து நன்றாகத் தூங்க வேண்டும் அம்மா. நான் எதிரே உட்கார்ந்து படிப்பேன். இப்போதைக்கு நான்கு பக்கம் வந்திருக்கிறது. உன்னை எழுப்பாமல் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்து முடிக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் சனிக்கிழமைகள் வேண்டும்.

என்றும் உன்,
ஓப்பல்